எல்மினாவும் அதன் நகராட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நகராட்சி எங்கே இருக்கிறது?

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், மத்திய மாகாணத்தின் கடற்கரையில் இருக்கிறது. கினி வளைகுடா இதன் தெற்கு எல்லை. கிழக்கே, தலைமையிடமான எல்மினாவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், மாகாணத் தலைநகரான கேப் கோஸ்ட். நகராட்சியின் முழுப்பெயர் கொமெண்டா–எடினா–எகுவாஃபோ–அப்ரெம். பெயரிலுள்ள நான்கும் நான்கு மரபுவழி ஆட்சிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமை அரசர் உண்டு. 1988இல் கானா அரசு உள்ளாட்சி எல்லைகளை மாற்றி வரைந்தபோது நான்கும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டியிருந்ததால்தான் பெயர் இவ்வளவு நீண்டது என்று நினைக்கத் தோன்றுகிறது. பேச்சிலும் அலுவலகத் தாள்களிலும் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறார்கள். 2010 கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 1,45,000. 2021இல் சுமார் 1,66,000.

எல்மினா, எடினா என்பவை ஒரே ஊரா?

ஆம். உள்ளூர் மக்களுக்கு அது எடினா. போர்த்துக்கீசியர் இக்கரையைப் பொன்விளையும் இடமாகக் கருதிச் சுரங்கம் என்று பொருள்படும்படி அழைத்ததிலிருந்து எல்மினா என்ற பெயர் வந்து, உலக வரைபடங்களில் நிலைத்தது. நகராட்சியின் தலைமையிடம் இந்த ஊர்தான்.

நிலத்தின் அமைப்பு எப்படிப்பட்டது?

கடலை ஒட்டித் தாழ்வான மணற்கரை. அங்கங்கே கடலுக்குள் நீளும் பாறை முனைகள். அவற்றுக்குப் பின்னே உப்பங்கழிகளும் சதுப்பு நிலங்களும். இன்னும் உள்ளே போனால் சிறு குன்றுகளும் பண்ணை நிலங்களும். இந்த வரிசை ஏறத்தாழ நகராட்சி முழுவதற்கும் பொருந்தும். ஆனால் எல்மினாவைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பென்யா உப்பங்கழியைத்தான். கழி கடலோடு சேரும் வாயில் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. கினி வளைகுடாவின் இந்தப் பகுதியில் அலைகள் கரையை ஓங்கி அடிப்பவை. இயற்கையாக அமைந்த ஒதுக்கிடங்கள் மிகக் குறைவு. பென்யாவின் வாயோ ஒரு பாறை முனையின் மறைவில் இருப்பதால், தோணிகள் அலையைத் தாண்டி உள்ளே நுழைந்து அமைதியான நீரில் நிற்க முடிகிறது. இங்கே ஊர் உண்டானதற்கும், ஐரோப்பியர் அந்தப் பாறை முனையையே கேட்டு வாங்கியதற்கும், இன்றும் கானாவின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்றாக எல்மினா இருப்பதற்கும் இந்தக் கழிவாயே காரணம். ஊரின் முதன்மைத் திருவிழாவும் இந்தக் கழிக்குத்தான் எடுக்கப்படுகிறது.

காலநிலை?

ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள். மே, ஜூன் மாதங்களில் பெருமழை. அக்டோபரை ஒட்டிச் சிறுமழை. கரையோரப் பகுதி உள்நாட்டைவிட மழை குறைந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்னும் வறண்ட தூசுக் காற்று வீசும். அப்போது வானம் மங்கலாக இருக்கும்.

இங்கு வாழ்பவர்கள் யார்? என்ன மொழி பேசுகிறார்கள்?

பெரும்பான்மையோர் அக்கான் இனக்குழுவைச் சேர்ந்தவர்கள். பேசுவது அக்கான் மொழியின் ஃபான்டே வழக்கு. ஆட்சிமொழி ஆங்கிலம். மீன்பிடியும் வணிகமும் பிற இனத்தவரையும் இங்கே கொண்டுவந்திருக்கின்றன. கரைவலை இழுப்பதில் பெயர் பெற்ற ஏவே மக்கள் அவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள்.

அக்கான் சமூகத்தில் குடும்பம் தாய்வழியில் எண்ணப்படுகிறது. ஒருவர் தம் தாயின் ‘அபுசுவா’ எனும் குலத்தைச் சேர்ந்தவர். சொத்தும் பதவியும் பொதுவாக அந்த வழியே இறங்கும். எடினாவில் ‘ஓமன்ஹென்’ எனப்படும் தலைமை அரசரின் பதவி மட்டும் தந்தைவழியில் செல்கிறது. சுற்றிலுமுள்ள ஃபான்டே அரசுகளிலிருந்து இவ்வூர் தன்னை வேறுபடுத்திக் காட்டும் அடையாளங்களில் இது ஒன்று. அரசியலிலும் அந்த வேறுபாடு நெடுங்காலம் தொடர்ந்து, 1873இல் ஊருக்குப் பேரிழப்பைக் கொண்டுவந்தது. அதைக் கீழே காணலாம்.

குழந்தைக்குப் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவது அக்கான் மக்கள் அனைவருக்கும் பொது வழக்கம். வெள்ளியன்று பிறந்த ஆண் கோஃபி, பெண் எஃபுவா. ஞாயிறு என்றால் குவேசி, எசி. செவ்வாய் என்றால் கோபினா, அராபா. இந்தக் கிழமைப் பெயருக்குப் பின்னால் பார்டெல்ஸ், வான் டைக், வ்ரூம் போன்ற டச்சுக் குடும்பப் பெயர் வந்தால் அது எல்மினாவில் யாருக்கும் வியப்பளிக்காது. டச்சு அதிகாரிகளுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழித்தோன்றல்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கே செல்வாக்குள்ள வணிகக் குடும்பங்களாக வளர்ந்தனர். அவர்கள் கட்டிய கல்வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன.

அசாஃபோ என்றால் என்ன?

முற்காலத்தில் ஊரைக் காத்த படைப்பிரிவுகளே அசாஃபோ. குலம் தாய்வழி வர, அசாஃபோ உறுப்புரிமை தந்தைவழி வருகிறது. ஆகவே ஒவ்வொருவரும் தாயின் குலத்துக்கும் தந்தையின் படைக்கும் ஒருங்கே உரியவர். எல்மினாவில் முதலில் ஏழு பிரிவுகள் இருந்து, பின்னர் பத்தாகப் பெருகின. இன்று போர் இல்லை. இறுதிச் சடங்கு, திருவிழா, கடலில் காணாமல் போனவரைத் தேடுவது, அரசரைப் பதவியில் அமர்த்துவது அல்லது எதிர்ப்பது போன்றவற்றில் அவை இயங்குகின்றன.

ஒவ்வொரு பிரிவுக்கும் ‘போசுபான்’ எனும் வழிபாட்டுக்கூடம் உண்டு. முன்பு மரத்தடியும் வேலியுமாக இருந்தவை, இருபதாம் நூற்றாண்டில் வண்ணம் தீட்டிய சிமெண்டுக் கட்டடங்களாக எழுந்தன. ஆளுயர வீரர் சிலைகளோடு போர்க்கப்பலும் விமானமும் ஆதாம் ஏவாளும் எல்மினாவின் போசுபான்களில் இடம்பெற்றிருப்பதை வெளியூரார் வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்பிரிவை நோக்கி விடப்பட்ட சவால்கள். ஒவ்வோர் உருவுக்குப் பின்னும் ஒரு பழமொழியோ பழம்பகையோ இருக்கும். பிரிவின் கொடிகளும் அவ்வாறே. ஒரு பிரிவின் சின்னத்தை மற்றது எடுத்துக்கொண்டதால் தெருச்சண்டைகள் மூண்டு, குடியேற்ற அரசு கொடிகளைப் பதிவு செய்யும்படி கட்டளையிட வேண்டி வந்தது.

எல்மினாவிலுள்ள புனித ஜார்ஜ் கோட்டை எப்படி உருவானது?

போர்த்துக்கீசியர் 1471இல் இக்கரையை அடைந்து பொன் வாங்கத் தொடங்கினர். 1482 ஜனவரியில் தியோகோ தெ அசாம்புஜா என்பவரின் தலைமையில், முன்கூட்டியே செதுக்கிய கற்களையும் கொத்தர்களையும் தச்சர்களையும் ஏற்றிய கப்பல்கள் வந்து சேர்ந்தன. போர்த்துக்கீசியக் குறிப்புகளில் காரமான்சா என்று வரும் உள்ளூர்த் தலைவர், இன்று குவாமெனா அன்சா என்று அடையாளம் காட்டப்படுபவர், முதலில் தயங்கினார். அவ்வப்போது வந்து போகும் நண்பர்களிடையே நட்பு நீடிக்கும், அருகிலேயே குடியிருந்தால் பூசல் வரும் என்ற பொருளில் அவர் வாதிட்டதாக அக்குறிப்புகள் சொல்கின்றன. எழுதியவர்கள் போர்த்துக்கீசியர் என்பதால் சொற்கள் அவருடையவையா என்று ஐயுறலாம். கருத்து அவருடையதாக இருக்க எல்லா நியாயமும் உண்டு. இசைவு கிடைத்ததும் வேலை தொடங்கியது. ஊரார் தெய்வமாகக் கருதிய பாறையைக் கொத்தர்கள் உடைத்ததும் கைகலப்பு ஏற்பட்டது. பரிசுகள் கொடுத்துச் சமாதானம் செய்தபின்பே கட்டுமானம் முடிந்தது.

சகாராவுக்குத் தெற்கே இன்றும் நிற்கும் மிகப் பழைய ஐரோப்பியக் கட்டடம் இது. டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 1625இல் தாக்கித் தோற்றது. 1637 ஆகஸ்டில், கழிக்கு அப்பாலுள்ள புனித ஜாகோ குன்றின்மீது பீரங்கிகளை ஏற்றிக் குண்டு வீசிக் கோட்டையைக் கைப்பற்றியது. அதே குன்றிலிருந்து தம்மையும் எவரேனும் தாக்கக்கூடும் என்பதை உணர்ந்த டச்சுக்காரர்கள் அங்கே கொன்ராட்ஸ்பர்க் என்ற இரண்டாம் கோட்டையை எழுப்பினர். இரு கோட்டைகளும் 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், கானாவின் பிற கடற்கரைக் கோட்டைகளுடன் சேர்க்கப்பட்டன.

அடிமை வணிகத்தில் எல்மினாவின் பங்கு என்ன?

தொடக்கத்தில் கோட்டை பொன்னுக்காகக் கட்டப்பட்டது. உள்நாட்டுப் பொன் வணிகர்களுக்குச் சுமை தூக்க ஆட்கள் தேவைப்பட்டதால், போர்த்துக்கீசியர் பெனின் முதலிய கிழக்குப் பகுதிகளில் மனிதர்களை விலைக்கு வாங்கி எல்மினாவில் விற்றுப் பொன் பெற்றனர். பின்னாளில் மனிதர்களை ஏற்றுமதி செய்த இந்தத் துறை, ஒரு காலத்தில் அவர்களை இறக்குமதி செய்தது என்பதைப் பல சுருக்க வரலாறுகள் விட்டுவிடுகின்றன.

பதினேழாம் நூற்றாண்டில் பிரேசிலிலும் கரீபியத் தீவுகளிலும் கரும்புத் தோட்டங்கள் பெருகியதும் நிலை மாறியது. டச்சு ஆட்சியில் கோட்டையின் கிடங்குகள் மனிதச் சிறைகளாயின. ஆண்களும் பெண்களும் தனித்தனி இருட்டறைகளில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் அடைக்கப்பட்டு, ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய குறுகிய வாயில் வழியாகப் படகுகளில் ஏற்றப்பட்டனர். பெண்களின் முற்றத்துக்கு மேலே ஆளுநரின் மாடம் இருக்கிறது. அங்கிருந்து அவர் தமக்கு வேண்டியவரைச் சுட்டிக்காட்டினார் என்று வழிகாட்டிகள் விளக்குகிறார்கள். போர்த்துக்கீசியரின் பழைய தேவாலயத்தை டச்சுக்காரர்கள் ஏலக்கூடமாக்கி, தமக்கென வேறொரு வழிபாட்டறையை மாடியில் அமைத்துக்கொண்டனர். டச்சு அரசு 1814இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது.

இதில் சிக்கலான ஓர் ஆளுமையையும் குறிப்பிட வேண்டும். சிறு வயதில் அடிமையாக விற்கப்பட்டு, நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, லெய்டன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்ற யாகோபுஸ் கப்பித்தேய்ன், கிறித்தவமும் அடிமை முறையும் முரண்படவில்லை என்று 1742இல் ஆய்வுரை வழங்கினார். அதே ஆண்டு மதகுருவாக எல்மினாவுக்கு அனுப்பப்பட்டுப் பள்ளி நடத்தினார். கிறித்தவ மன்றாட்டுகளை உள்ளூர் மொழியில் பெயர்த்தார். 1747இல் இங்கேயே இறந்தார். அவரை எந்த வரிசையில் வைப்பது என்பதில் கானாவிலும் நெதர்லாந்திலும் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

கோட்டைக்கு அருகே பழைய ஊர் ஏன் இல்லை?

1873 ஜூன் 13ஆம் நாள் பிரிட்டிஷார் அதைக் குண்டு வீசி அழித்தனர்.

பின்னணி இது. எல்மினா நெடுங்காலமாக உள்நாட்டுப் பேரரசான அசாந்தேயின் நட்பு நகரம். அசாந்தேயின் வணிகம் கடலை எட்டிய வாயில்களில் ஒன்று. மற்ற ஃபான்டே அரசுகளோ அசாந்தேக்கு எதிராகப் பிரிட்டிஷாரோடு நின்றன. 1872 ஏப்ரலில் டச்சுக்காரர்கள் தம் கோட்டைகள் அனைத்தையும் பிரிட்டனிடம் ஒப்படைத்தனர். ஊரைக் கேட்காமல் ஊர் கைமாறியது. ஓமன்ஹென் கோபினா ஜான் ஒப்புக்கொள்ள மறுத்தார். 1873இல் சியரா லியோனுக்கு நாடு கடத்தப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தே திரும்ப முடிந்தது. அசாந்தேப் படை கடற்கரையை நெருங்கியிருந்த அந்நாளில், எல்மினா மக்கள் அவர்களுக்கு உதவுவார்கள் என்று கருதிய பிரிட்டிஷார், கோட்டைக்கும் கழிக்கும் இடையே நெருக்கமாக அமைந்திருந்த கல்வீடுகளின் நகரைத் தரைமட்டமாக்கினர். மீண்டும் கட்ட அனுமதிக்கவில்லை. அந்த இடம் அணிவகுப்புத் திடலாயிற்று. ஊர் கழியின் மறுகரையில் வளர்ந்தது. கோட்டைச் சுவர்களை மட்டும் பார்த்துத் திரும்பும் பயணிகள், அதன் முன்னால் உள்ள வெற்று நிலமும் ஒரு வரலாற்றுச் சின்னம் என்பதை அறியாமலே போய்விடுகிறார்கள்.

அசாந்தே அரசர் முதலாம் பிரெம்பே 1896இல் சிறைபிடிக்கப்பட்டு இதே கோட்டையில் வைக்கப்பட்டார். பிறகு சியரா லியோனுக்கும், 1900இல் செஷல்ஸ் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டு, 1924இல்தான் நாடு திரும்பினார்.

‘ஜாவா குன்று’ என்ற பெயர் இங்கு எப்படி வந்தது?

1831 முதல் 1872 வரை, இன்றைய இந்தோனேசியாவிலிருந்த தன் படைக்கு டச்சு அரசு எல்மினா வழியாகச் சுமார் 3,000 ஆப்பிரிக்க வீரர்களைத் திரட்டியது. அவர்களில் பெரும்பகுதியினர் 1837க்குப் பின் அசாந்தே அரசரோடு செய்த உடன்பாட்டின்மூலம் கிடைத்தவர்கள்; அடிமைகளாக இருந்தவர்களுக்கு முன்பணத்தைக் கொண்டு விடுதலை வாங்கி, அதைச் சம்பளத்தில் கழித்தனர். இது அடிமை வணிகத்தின் மாற்றுரு என்று பிரிட்டன் எதிர்ப்புத் தெரிவித்ததால் ஆள்சேர்ப்பு சுருங்கியது. இந்தோனேசியாவில் ‘கறுப்பு டச்சுக்காரர்’ என்று அழைக்கப்பட்ட இவர்களில் சிலர் ஓய்வூதியத்தோடு எல்மினா திரும்பிக் குடியேறிய இடமே ஜாவா குன்று. இவர்கள் கொண்டுவந்த பாட்டிக் துணிகளால்தான் மேற்கு ஆப்பிரிக்காவில் மெழுகு அச்சுத் துணி பரவியது என்ற கதை மிகவும் பரவலானது. ஐரோப்பிய ஆலைத்துணி வணிகர்களின் பங்கே பெரிது என்பதால் அக்கதையை அப்படியே ஏற்பது கடினம்.

மீன்பிடித் தொழில் எவ்வாறு நடக்கிறது?

வாவா என்னும் பெருமரத்தைக் குடைந்து, பக்கங்களில் பலகை வைத்து உயர்த்திய தோணிகளே இன்றும் முதன்மை. வெளியே பொருத்தும் மோட்டார், நைலான் வலை, பக்கவாட்டில் விவிலிய வசனமோ பழமொழியோ எழுதிய பெயர்வரி ஆகியவை அவற்றின் அடையாளம். சாளை வகை மீன்களும் நெத்திலியும் முக்கியமாகப் பிடிபடுபவை. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆழத்திலிருந்து குளிர்ந்த, ஊட்டம் மிகுந்த நீர் மேலெழுவதால் சாளை திரளும், அதுவே பெருங்காலம்.

கடலுக்குப் போவது ஆண்களின் வேலை, கரைக்கு வந்த மீன் பெண்களின் ஆட்சி. விலையைப் பேசி முடிப்பவர் ‘கொன்கோஹேமா’ எனப்படும் மீன் வணிகப் பெண்களின் தலைவி. பல தோணிகளுக்கு எரிபொருளுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுப்பவர்களும் இப்பெண்களே. ஆகவே மீனின் மீது அவர்களுக்குக் கடனுரிமையும் இருக்கிறது. வாங்கிய மீனை மண் அடுப்புகளில் புகையூட்டி உள்நாட்டுச் சந்தைகளுக்கு அனுப்புகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை எவரும் கடலுக்குப் போவதில்லை. அது கடல் தெய்வத்தின் நாள். வலை பழுது பார்ப்பதும், தோணி உரிமையாளர்களின் வழக்குகளைத் தீர்ப்பதும் அன்று நடக்கும்.

மீன்வளம் குறைந்துவிட்டது என்கிறார்களே?

உண்மைதான், சாளை வெகுவாகச் சரிந்துவிட்டது. தோணிகள் பெருகியதும், நுண்கண் வலையும், ஒளி பாய்ச்சி மீன் பிடிப்பதும் காரணங்கள். ஆயினும் மீனவர்கள் முதலில் சுட்டுவது ‘சைக்கோ’வைத்தான். இழுவைக் கப்பல்கள் சிறுமீன்களைப் பிடித்து உறையவைத்து, நடுக்கடலில் தோணிகளுக்கு விற்கும் சட்டவிரோத வணிகம் அது. அந்தச் சரக்கு இறங்கிய முதன்மைத் துறைகளில் எல்மினாவும் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. தோணிக்காரனின் மீனைத் திருடி அவனுக்கே விற்பது என்று இதை ஊரில் வருணிப்பார்கள். அரசு 2019இல் தோணிகளுக்கும் மீன்பிடித் தடைக்காலத்தைக் கொண்டுவந்தது. 2025இல் இயற்றிய புதிய சட்டம், தோணிகளுக்கு ஒதுக்கிய கரையோர எல்லையை 6 கடல் மைலிலிருந்து 12 கடல் மைலாக விரிவாக்கியது.

வேறு தொழில்கள்?

பென்யாவின் கரையில் உப்பளங்கள் உண்டு. உள்நாட்டுப் பகுதிகளான எகுவாஃபோ, அப்ரெம் ஊர்களில் மரவள்ளி, மக்காச்சோளம், எண்ணெய்ப்பனை, கரும்பு பயிரிடுகிறார்கள். கொமெண்டாவில் 1960களில் நிறுவிய சர்க்கரை ஆலை 1990களில் மூடப்பட்டது. இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் 3.5 கோடி டாலர் கடனில் புதிதாகக் கட்டி 2016இல் திறந்தார்கள். ஆலைக்குத் தொடர்ந்து போடும் அளவுக்குக் கரும்பு இல்லாததால் அது பெரும்பாலும் ஓடாமலே கிடந்திருக்கிறது. ஆலைக்கு முன் கழனியைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

பகாத்துவே திருவிழா என்றால் என்ன?

ஜூலை மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை கொண்டாடப்படும் கழித் திறப்பு விழா. அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பென்யாவில் மீன் பிடிக்கத் தடை இருக்கும். அன்று பல்லக்குகளில் அரசரும் தலைவர்களும் ஊர்வலமாக வருவார்கள். பனையெண்ணெய் கலந்த மசியலும் முட்டையும் கழித் தெய்வத்துக்குப் படைக்கப்படும். பின்னர் வீச்சு வலையை மூன்று முறை எறிவார்கள். விழும் மீனைக் கொண்டு அந்த ஆண்டு மீன் எவ்வளவு கிடைக்கும் என்று கணிப்பார்கள். வலை எறிந்ததும் தடை நீங்குகிறது. படகு ஓட்டம் தொடங்குகிறது. தடைக்காலம் என்பதை மீன்வளத் துறை கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே பென்யாவின் பூசாரிகள் நடைமுறைப்படுத்தியிருந்தார்கள். மீன் முட்டையிடும் பருவத்தைக் கழிக்கு விட்டுக்கொடுப்பதே இதன் பயன்.

ஜனவரி முதல் வியாழனன்று ‘எடினா புரோன்யா’ என்ற மற்றொரு விழா உண்டு. டச்சுக்காரர்களின் புத்தாண்டுக் கொண்டாட்டத்தோடு கலந்த அது, முன்னோரை நினைத்து உணவு படைக்கும் நாள். அசாஃபோ பிரிவுகள் துப்பாக்கி வெடிப்பார்கள்.

சமயம் எது?

பெரும்பாலோர் கிறித்தவர்கள். கானாவின் இன்றைய கத்தோலிக்கத் திருச்சபை, 1880 மே மாதத்தில் எல்மினாவில் இறங்கிய இரண்டு பிரெஞ்சுக் குருமாரோடு தன் வரலாற்றைத் தொடங்குகிறது. இங்குள்ள புனித யோசேப்பு ஆலயம் அதனால் சிறப்புப் பெற்றது. ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போகிறவரே செவ்வாயன்று தோணியைக் கரையில் நிறுத்துகிறார். ஊரில் இதை யாரும் முரண்பாடாக நினைப்பதில்லை.

தமிழகக் கடற்கரையோடு இவ்வூருக்குத் தொடர்பு இருந்ததா?

இருந்தது, அடிமை வணிகத்தின் வழியாக. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிகள் ‘கினித்துணி’ என்றே ஐரோப்பியச் சந்தையில் பெயர் பெற்றன. பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டையும், 1690க்குப் பின் நாகப்பட்டினத்தையும் தலைமையிடமாகக் கொண்டிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, இவ்வகைத் துணிகளை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பி ஏலம் விட்டது. அங்கிருந்து அவை மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்ப் பொன்னுக்கும் மனிதர்களுக்கும் மாற்றாகக் கொடுக்கப்பட்டன. நெசவாளருக்குத் தம் துணி எங்கே போய், எதற்கு விலையாகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கானாவின் தலைநகரான அக்ராவிலிருந்து கடலோர நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 150 கிலோமீட்டர். கேப் கோஸ்ட் வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து பகிர்வு வாடகைக் காரில் வரலாம். கோட்டையை வழிகாட்டியுடன் பார்ப்பது நல்லது. மீன் துறை காலையில் கலகலப்பாக இருக்கும். செவ்வாயன்று தோணிகள் எல்லாம் கழியில் நிற்பதால் படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் ஏலம் இராது. மனிதர்களைப் படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். உணவுக்கு, புளித்த மக்காச்சோள மாவை வாழையின வகை இலையில் பொதிந்து அவிக்கும் ஃபான்டே கென்கேயும், பனையெண்ணெயில் சமைத்த மீன் குழம்பும் எங்கும் கிடைக்கும். கென்கேயைக் கையால் பிய்த்து, அரைத்த மிளகாயும் வறுத்த மீனும் தொட்டுச் சாப்பிடுவது வழக்கம்.